உப்புத் தண்ணீர் ஆறும் வரை

தண்ணீர் ஆற வேண்டும். அதுதான் முக்கியம் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள், கைபேசித் திரையில் முகம் காட்டாமல் இரண்டு கைகளும் ஒரு கண்ணாடிச் சாடியும் மட்டுமாக வருகிற பெண். சூட்டோடு ஊற்றினால் இறால் வெந்துபோகும், வெந்துபோனால் அது வேறு பண்டம், ஊரெல்லாம் தின்கிற பண்டம். ரெனிட்டா பாத்திரத்தின் வெளிப்பக்கத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். சுட்டது. பாப்பாவின் நெற்றியில் வைத்துப் பார்ப்பதும் இப்படித்தான், இதே புறங்கையால்தான் என்று தோன்றியதும் கையை இழுத்துக்கொண்டு நைட்டியில் துடைத்தாள், துடைத்த பிறகுதான் ஏன் துடைத்தோம் என்று பயம் வந்தது, இனிமேல் இந்த நைட்டியோடு பிள்ளையைத் தூக்கக் கூடாது, மாற்ற வேண்டும், மாற்றிய நைட்டியைத் தனியாக ஊறப்போட வேண்டும். சோயா சாஸும் தண்ணீரும் சீனியும் வெங்காயமும் தட்டிப் போட்ட இஞ்சியும் கொதித்து இறங்கிய வாசனை அடுப்படி முழுக்க நின்றது. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டு சகாயம் அக்கா என்ன குழம்பு என்று கேட்பாள். திறக்காவிட்டால் மாமியார் வந்து கேட்பார்கள். மாமி அந்தோனியார் கோயிலுக்குப் போயிருக்கிறார்கள், செவ்வாய்க்கிழமை நவநாள், செபம் முடிந்து மெழுகுதிரி ஏற்றி நாலு பேரிடம் பேசிவிட்டு வர நேரமாகும். நேரமாக வேண்டும். பிள்ளை பக்கத்து அறையில் தொட்டிலில் தூங்குகிறாள், உத்தரத்தில் மாட்டிய கம்பிச் சுருள் லேசாக முனகுகிறது, முனகல் நின்றால் என்னவென்று போய்ப் பார்க்க வேண்டும், முனகினாலும் போய்ப் பார்க்கத்தான் வேண்டும். அவள் போய்ப் பார்த்தாள். வாசலிலேயே நின்று, உள்ளே போகாமல், கைகளை மார்போடு மடக்கிக்கொண்டு. சேலைத் துணிக்குள் ஒரு சின்ன வயிறு ஏறி இறங்கியது. இருக்கிறாள். திரும்பி வந்தாள்.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாது. மசக்கையில் வந்திருந்தால் அதற்கு ஒரு மரியாதை உண்டு, மண் தின்னாலும் சாம்பல் தின்னாலும் சிரித்துக்கொண்டு எடுத்துக் கொடுப்பார்கள். பிள்ளை பிறந்து பத்தியம் பத்தியம் என்று பூண்டும் சுறாப் புட்டுமாய் மாதக்கணக்கில் போய், நாக்கு மரத்துப்போன பிறகு வந்தது. பால் கொடுக்க எழுந்து உட்காரும்போது கையில் ஒரு திரை, சத்தம் இல்லாமல், அதில் அந்தக் கைகள். கொரியாக்காரி என்று முதலில் நினைத்தாள், பிறகு தாய்லாந்துக்காரியோ என்று பட்டது, சாடியில் ஊற்றுவது கொரியாத் தண்ணீர், மேலே தூவுவது தாய்லாந்து மிளகாயும் எலுமிச்சையும் பூண்டும் மல்லி வேரும். உரித்த இறால் கண்ணாடி மாதிரி இருக்கும், அதற்குள்ளே விரல் தெரியும். வாலைப் பிடித்துத் தூக்கி, பச்சைப் பாகற்காய் வட்டம் ஒன்றின் மேல் வைத்து, அப்படியே. கடிக்கிற சத்தம்கூடக் கேட்காது. ரெனிட்டாவின் வாயில் எச்சில் ஊறும், அதே நேரத்தில் மார்பிலும் ஊறும், பிள்ளைக்குத் திணறி இருமல் வரும். தூத்துக்குடியில் பிறந்து கடலைப் பார்த்து வளர்ந்தவள் இறாலைத் திரையில் பார்த்து எச்சில் விழுங்குகிறாள் என்று யாருக்காவது தெரிந்தால் கைகொட்டிச் சிரிப்பார்கள். இங்கே இறாலுக்கா பஞ்சம். ஆனால் இங்கே யாரும் அதைப் பச்சையாகத் தின்பதில்லை, பூனைதான் தின்னும். கப்பலில் வேலை பார்க்கிற புருஷன் பிரிட்டோ போன தடவை வந்தபோது பாங்காக்கில் ஒரு பாட்டில் மீன் சாறும் கொரியாவின் பூசானில் ஒரு பொட்டலம் மிளகாய்த் தூளும் வாங்கி வந்தான், அவள் கேட்டிருந்தாள், நூடுல்ஸ் செய்ய என்று சொல்லியிருந்தாள். மாமி மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, மீன் ஏலக்கூடத்துத் தரையக் கழுவி விடுற தண்ணியில்லா இது, இத எதுக்குடா காசு குடுத்து கப்பல்ல கொண்டாந்த, கேட்டா நம்ம அந்தோணிக்குட்டி குடத்துல பிடிச்சுத் தருவானே என்று சொன்னதில் வீடே சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டுப் பாட்டிலை எடுத்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள்.

இறாலைத் தட்டில் பரப்பினாள். தலை கிள்ளி ஓடு உரித்தாகிவிட்டது, வாலை மட்டும் விட்டிருக்கிறது, இனி முதுகைக் கீறி அந்தக் கறுப்பு நரம்பை எடுக்க வேண்டும். பல்குத்தியின் முனையைச் சதைக்குள் செலுத்தி மெல்லத் தூக்கினால் நூல் மாதிரி வரும், அவசரப்பட்டால் பாதியில் அறுந்துவிடும். அறுந்தது. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸும் அவசரப்பட்டாள். பாப்பாவின் புறங்கையைத் தட்டித் தட்டிப் பார்த்தாள், நரம்பு கிடைக்கல, வயித்தால போயித் தண்ணி வத்திப்போச்சும்மா பிள்ளைக்கு என்றாள், அந்தக் கையை விட்டு இந்தக் கை, கையை விட்டுக் கால், பிறகு கத்தரிக்கோலை எடுத்து நெற்றிக்கு மேலே கொஞ்சம் முடியைக் கத்தரித்தாள். பிள்ளையின் தோல் அப்போது இப்படித்தான் இருந்தது, இந்த நிறத்தில்தான், உள்ளே நீலமாக ஏதோ ஓடுவது தெரிகிற மாதிரி. உச்சிக்குழி உள்வாங்கியிருந்தது. அழுகிறாள், ஆனால் கண்ணீர் வரவில்லை. ரெனிட்டா பல்குத்தியைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் எடுத்தாள். அந்த டாக்டரம்மா நல்லவர், சத்தம் போட மாட்டார், கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டார், வெளியிலருந்து எதுவும் குடுத்தீங்களா என்று. மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ரெனிட்டா அதன் இறக்கைகளில் படிந்திருந்த தூசியைப் பார்த்தாள், தூசி ஓரத்தில் மட்டும் தடித்து நடுவில் இல்லாமல் இருந்தது, ஏன் அப்படி என்று யோசித்தாள், உண்மையாகவே யோசித்தாள். அதற்குள் மாமி வாயைத் திறந்துவிட்டார்கள். கோயில் அசனத்துல பாயாசம் குடுத்தாங்க டாக்டரம்மா, நேர்ச்சைச் சாப்பாடாச்சேன்னு ஒரு விரல்ல தொட்டு பிள்ள நாக்குல வச்சேன், ஒரே ஒரு விரல்தான் என்று சொல்லி அந்த விரலையும் நீட்டிக் காட்டினார்கள். டாக்டரம்மா அந்த விரலைப் பார்த்தார். அசனத்துப் பாயாசம் எத்தனை நேரம் அண்டாவில் கிடந்திருக்கும், எத்தனை கை பட்டிருக்கும், ஏழு மாதப் பிள்ளைக்கு அதைக் கொடுக்கலாமா என்றார். மாமி தலையைக் குனிந்துகொண்டார்கள். விசாரணை முடிந்தது. அவ்வளவு சீக்கிரம் முடியும் என்று ரெனிட்டா நினைக்கவில்லை. இடுப்பிலிருந்து ஏதோ இறங்கிப்போன மாதிரி இருந்தது, அது நிம்மதி, பிள்ளை தலையில் ஊசியோடு கிடக்கும்போது அவளுக்கு நிம்மதியாக இருந்தது, அந்த நிமிஷத்தை நினைத்தால் இப்போதும் காது மடல் சுடுகிறது. அன்று பிரிட்டோ எந்தத் துறைமுகத்திலிருந்தோ கூப்பிட்டான், ஸ்பீக்கரில் போட்டிருந்தது, மாமி அழுதுகொண்டே தானாகவே சொன்னார்கள். அவன் பெற்றவளைப் பார்த்து ஒருநாளும் குரல் உயர்த்தினவன் இல்லை. “அந்தக் கைய வச்சுக்கிட்டுச் சும்மாவே இருக்க மாட்டியாம்மா நீ?” என்று கேட்டான். லைன் அத்தோடு போய்விட்டது, அவன் வைத்தானா தானாகப் போனதா என்று தெரியாது. அன்றிலிருந்து மாமி பிள்ளையின் பக்கத்தில் போனால் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொள்கிறார்கள். யாரும் கட்டச் சொல்லவில்லை. தொட்டிலை ஆட்ட வேண்டுமென்றால் முழங்கையால் ஆட்டுகிறார்கள். பிள்ளை சிரித்துக்கொண்டு கையை நீட்டினால் குனிந்து முகத்தைக் கொடுக்கிறார்கள், மூக்கைப் பிடித்து இழுக்கட்டும் என்று, கை மட்டும் முதுகுக்குப் பின்னாலேயே இருக்கிறது.

அவளும் சொல்லவில்லை, அது நானாக இருக்கலாம் என்று. ஏனென்றால் அசனத்துக்கு முந்தின நாள் மத்தியானம் அவள் இதையேதான் செய்திருந்தாள். கொஞ்சம் இறால், ஒரு ஜாம் பாட்டில் அளவுதான், ஃபிரிட்ஜின் அடித்தட்டில் கீரைக்கட்டுக்குப் பின்னால். மறுநாள் காலை மாமி குளிக்கப் போன நேரம் பார்த்து, ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்து, அந்தக் கதவுக்குப் பின்னாலேயே நின்று தின்றாள். உட்காரவில்லை. தட்டு எடுக்கவில்லை. முதல் இறால் நாக்கில் பட்டதும் குளிர்ந்து வழுக்கிப் பிறகு ஒட்டிக்கொண்டது, பல்லுக்கு இணங்கி நடுவில் மட்டும் சின்னதாக எதிர்த்தது, உப்பு, உடனே ஒரு இனிப்பு, அதன் பிறகு சீனி மிளகாயின் காரம் மூக்குக்குப் பின்னால் ஏறிக் கண்ணில் வந்து நின்றது. கண்ணை மூடினாள். மார்பு இரண்டும் கசிந்து நைட்டி நனைந்தது, யாரும் உறிஞ்சாமல் தானாக. இன்னொன்று, இன்னொன்று, பாட்டிலில் விரலைவிட்டுத் தடவி எடுத்து, கடைசியில் அந்தத் தண்ணீரையும் வாய் வைத்துக் குடித்தாள். அப்போதுதான் பிள்ளை வீறிட்டது. ஓடினாள். கையைக் கழுவினாளா? அங்கேதான் சிக்குகிறது, ஒவ்வொரு தடவையும் அந்த இடத்துக்கு வந்து சிக்குகிறது. குழாயைத் திறந்த மாதிரி இருக்கிறது, தண்ணீர் சத்தம் காதில் இருக்கிறது, ஆனால் அது மாமி குளியலறையில் குளித்த தண்ணீராகவும் இருக்கலாம். நைட்டியில் துடைத்ததா, துடைக்காததா. பிள்ளை வாயில் மார்பைக் கொடுக்கும்போது காம்பைப் பிடித்து வைத்தது எந்த விரல்கள். பல் முளைக்கிற ஈறு, எதைக் கொடுத்தாலும் கடிக்கும், அவளுடைய ஆள்காட்டி விரலை எடுத்துக் கடித்துக்கொண்டே தூங்கிப்போனது, அது அன்றைக்கா அதற்கு முந்தின நாளா. பால் வழியாகப் போயிருக்குமோ. கை வழியாகப் போயிருக்குமோ. இல்லை, பாயாசமேதானோ. பாயாசமாக இருக்கக் கூடாதா. அசனத்தில் சாப்பிட்ட வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் பிள்ளைக்கு ஆகலாம்தானே, பெரியவர்கள் வயிறு வேறு. அந்த வீடியோவுக்குக் கீழே பால் கொடுக்கிறவர்கள் சாப்பிடலாமா என்று யாரோ கேட்டிருந்தார்கள், அதற்கு வந்த பதில்களை அவள் திறக்கவே இல்லை. திறந்தால் தெரிந்துவிடும். தெரிந்தால் சொல்ல வேண்டும்.

சொல்வதற்கு இடம் இல்லாமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டாள். மாமியிடம் கோபமாகப் பேசினேன் சாமி, செபம் சொல்லாமல் தூங்கிவிட்டேன் சாமி, பராக்குப் பார்த்தேன் சாமி. கான்வென்டில் சொல்லிக்கொடுத்த வரிசையில் எல்லாம் வந்தது, இது மட்டும் வரவில்லை. எப்படிச் சொல்வது, பச்சை இறாலைத் தின்றேன் என்றா? சாமியார் சிரித்துவிட்டால்? நற்கருணைக்கு வரிசையில் நின்றவள் பாதியில் பிள்ளை அழுகிறாள் என்று வெளியே வந்துவிட்டாள், பிள்ளை அழவில்லை, மாமி திரும்பிப் பார்த்தார்கள். நற்கருணை வாங்குகிறவர்கள் வெறும் வயிற்றோடு வர வேண்டும், காலையில் ஏதாவது தின்றுவிட்டு வந்திருப்பாள் என்று நினைத்திருப்பார்கள். கான்வென்டில் சிஸ்டர் ஒலிவியா தையல் வகுப்புக்கு முன்னால் கடற்கரைத் தெருப் பிள்ளைகளின் விரல்களை மட்டும் மோந்து பார்ப்பார். வெள்ளைத் துணியில் மீன் வாடை ஏறிவிடுமாம். வரிசையாக நின்று கையை நீட்ட வேண்டும், சிஸ்டரின் மூக்கு ஒவ்வொரு கையாக இறங்கி ஏறும், அது வரைக்கும் மூச்சுவிட மாட்டார்கள். ரெனிட்டா எலுமிச்சைத் தோலை நகக்கண்ணில் வைத்துத் தேய்த்துவிட்டுப் போவாள், குட் கேர்ள் என்பார் சிஸ்டர், லெமன் போல் மணக்கிறாய் என்பார். அந்த லெமன்தான் இப்போது தட்டில் வட்டமாக நறுக்கிக் கிடக்கிறது. பிள்ளை பெற்ற பிறகும் அவள் விரலை மோந்து பார்க்கிறாள், பால் கொடுக்கும் முன்னால், கொடுத்த பின்னால், சோப்புப் போட்டுக் கழுவின பின்னால். தோல் உரிந்துவிட்டது. மாமி பார்த்துவிட்டுத் தேங்காயெண்ணெய் தடவு புள்ள, தண்ணியிலயே கெடந்து கை வெந்துபோச்சு என்றார்கள், பாவம், தன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டே சொன்னார்கள்.

அப்படியிருந்தும் இன்றைக்கு மறுபடி. இதுதான், இதை எந்தத் தொட்டியில் போய்ச் சொல்வது. காலையில் மறுபடி காட்டப் போனபோது டாக்டரம்மா பிள்ளையை எடைபோட்டு, இழந்ததெல்லாம் வந்துவிட்டது, இனி பயமில்லை, கூட்டிப் போங்க என்றார். மாமி மருத்துவமனை வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டு, நான் அப்படியே கோயிலுக்குப் போயிட்டு வாரேன், நீ பிள்ளையக் கொண்டு வீட்டுக்குப் போ என்றார்கள். பிள்ளை தேறுகிற வரைக்கும் மீன் தொடுவதில்லை என்று அவர்கள் நேர்ந்திருந்தார்கள், கைக்கு விதித்த தண்டனை போதாதென்று நாக்குக்கும் ஒன்று. மீன் இல்லாமல் ஒரு வேளை சோறு இறங்காத மனுஷி ரசத்தையும் ஊறுகாயையும் வைத்துக்கொண்டு எத்தனை நாளாக உட்கார்ந்திருக்கிறார்கள், ரெனிட்டாவுக்கு மட்டும் தனியாக மீன் பொரித்துக் கொடுத்துவிட்டு, நீ சாப்பிடு, பால் குடுக்கிறவ என்று சொல்லி. ஆட்டோ தெருமுனையில் திரும்பும்போது ஸ்கூட்டரில் மீன் விற்கிற ஜான்சி பெட்டியைத் திறந்து வைத்திருந்தாள். வெள்ளை இறால், இப்ப வந்தது, மீசை கூட ஆடுது பாருங்க என்றாள். நிறுத்துங்க அண்ணே என்று சொன்னது யார்? ரெனிட்டாதான் சொன்னாள். பிள்ளையை ஒரு தோளில் போட்டுக்கொண்டு மறு கையால் வாங்கினாள். பிள்ளை பிழைத்த சந்தோஷத்தில் முதலில் அவள் செய்த காரியம் அதுதான், வேறு தாய்மார்கள் கோயிலுக்குப் போவார்கள். கணக்கெல்லாம் போட்டு வைத்திருந்தாள், அதுதான் இன்னும் கேவலம், முன்கூட்டியே யோசித்திருக்கிறாள். நாளைக்குப் பவுடர் பால் கொடுத்துவிடலாம், மார்பில் இருப்பதைப் பீய்ச்சிக் கொட்டிவிடலாம், கையுறை போட்டுக்கொள்ளலாம், தின்றதும் குளித்துவிடலாம். ஒரே ஒரு தடவை. இந்த உலகத்தில் அவளுக்கென்று யாரும் ஊட்டாத, யாரும் இது உனக்கு நல்லது என்று சொல்லாத ஒன்றே ஒன்று. அப்படி நினைத்ததும் அழுகை வந்தது, அழுகை வந்ததும் எரிச்சல் வந்தது. புறங்கையைப் பாத்திரத்தில் வைத்தாள். இன்னும் சூடு. பூண்டையும் மல்லி வேரையும் இடித்தாள், தொட்டில் கம்பி முனகியது, நிறுத்தினாள், காது கொடுத்தாள், இடித்தாள்.

வாசல் கொண்டி தூக்குகிற சத்தம் கேட்டது. இவ்வளவு சீக்கிரமா? தட்டை எங்கே வைப்பது, ஃபிரிட்ஜிலா, கழுவுத் தொட்டியிலா, மேலே ஒரு மூடியைப் போடலாமா, மூடி எங்கே. கையில் பல்குத்தியோடு அப்படியே நின்றாள். மாமி தலையில் முக்காடோடு அடுப்படி வாசலுக்கு வந்தார்கள், வெயிலில் வந்த முகம், நெற்றியில் வியர்வை. பிள்ளை தூங்குதா என்று கேட்டார்கள், செபத்துக்குச் சாமியார் வரவில்லையாம், உபதேசியார்தான் வாசித்தாராம், சீக்கிரம் விட்டுவிட்டார்களாம், சொல்லிக்கொண்டே வந்தவர்களின் கண் தட்டில் விழுந்தது. உரித்து, கீறி, நரம்பெடுத்து, வரிசையாக வைத்த இறால். மாமி அதைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள், மறுபடி அதைப் பார்த்தார்கள்.

“எனக்கா புள்ள?” என்றார்கள் மாமி.

அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. இன்றோடு நேர்ச்சை முடிகிறது. நேர்ச்சை முடிந்து வருகிறவர்களுக்கு முதல் மீனை வீட்டில் இருக்கிறவர்கள்தான் ஆக்கி வைக்க வேண்டும், இந்தத் தெருவில் அதுதான் முறை, தனக்குத் தானே ஆக்கிக்கொண்டால் நேர்ச்சை நிற்காது என்பார்கள். அவளுக்கு அது நினைவிலேயே இல்லை. மாமி முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டார்கள். நீ மறந்திருப்பன்னுதான் நினச்சேன், கான்வென்டுப் பிள்ளைக்கு நம்ம முறையெல்லாம் எங்க தெரியப்போவுதுன்னு உபதேசியார் பொண்டாட்டிக்கிட்ட கூடச் சொல்லிட்டு வாரேன், என் வாயில புளியக் கரைச்சு ஊத்தணும் என்றார்கள். ஒவ்வொரு இறாலாக விரலால் நகர்த்திப் பார்த்தார்கள், எவ்வளவு சுத்தமா எடுத்திருக்க என்றார்கள். அடுப்பின் மேலிருந்த பாத்திரத்தைப் பார்த்து, இது என்ன கசாயமா, உனக்கு மேலுக்கு முடியலையா என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் அதை நகர்த்தி வைத்துவிட்டு இரும்புச் சட்டியை எடுத்தார்கள். வெந்தா சுருங்கிரும், சீக்கிரம் எடுக்கணும், நீ உக்காரு, ஆஞ்சு குடுத்ததே பெருசு, பொரிக்கிறது நான் பொரிக்கேன், உன் கையால தட்டுல வச்சாப் போதும். எண்ணெய், மஞ்சள், மிளகாய்த் தூள், சோம்பு. சொல்லாமல் இருந்தால் போதும் என்பது ரெனிட்டாவுக்குத் தெரிந்தது, மருத்துவமனையில் தெரிந்த மாதிரியே, அதே இடத்தில், இடுப்பில், அதே நிம்மதி இறங்கியது. சாட்சியே இல்லாமல் எல்லாம் வெந்துகொண்டிருக்கிறது. கண்ணாடி மாதிரி இருந்தவை ஓரத்திலிருந்து வெளுத்து, சிவந்து, வளைந்து, ஊரெல்லாம் தின்கிற பண்டமாக ஆகிக்கொண்டிருந்தன. இவ்வளவு சுலபமா. நல்ல மருமகள் என்ற பெயரும் கூட. நாளைக்குத் தெருவே சொல்லும்.

அவள்தான் தட்டில் வைத்தாள். மாமி சிலுவை போட்டுக்கொண்டு ஒரு இறாலை எடுத்தார்கள், சோற்றில் வைத்து உருட்டினார்கள், உருட்டிய கவளத்தைத் தன் வாய்க்குக் கொண்டுபோகாமல் அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்கள். பால் குடுக்கிறவ, நீதான் முதல்ல என்றார்கள். அந்த விரல், பாயாசம் தொட்ட அதே விரல், டாக்டரம்மாவுக்கு நீட்டிக் காட்டிய விரல், அவள் உதட்டில் பட்டது. வாய் திறந்தது. மென்றாள். சூடு, சோம்பு, மஞ்சள். நல்லாருக்கா என்று கேட்டார்கள். அப்போதுதான் தொட்டில் கம்பி முனகலை நிறுத்திவிட்டுக் கிறீச்சிட்டது, பிள்ளை எழுந்துவிட்டாள், முதலில் சிணுங்கல், பிறகு அழுகை. மாமி எழுந்து வேகமாய் அறை வாசல் வரைக்கும் போனார்கள், நிலையைத் தாண்டும் முன்னாலேயே அந்த இரண்டு கைகளும், எச்சில் பட்ட கையும் படாத கையும், தாமாகப் பின்னால் போய் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. யாரோ விலங்கு மாட்டின மாதிரி. வா புள்ள, தூக்கு, அழுவுறா என்று திரும்பிப் பார்க்காமல் கூப்பிட்டார்கள்.

ரெனிட்டா வாயில் இருந்ததை விழுங்கினாள். “நீங்க தூக்குங்க மாமி.”

“என் கை வேண்டாம்மா.”

“உங்க கை இல்ல மாமி. அது நான்.”

சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை, குரல் மட்டும் தாழ்ந்துகொண்டே போனது. அந்தக் கசாயம் கசாயம் இல்லை என்றாள், அந்த இறால் உங்களுக்கு இல்லை என்றாள், அதைப் பச்சையாக அந்தத் தண்ணீரில் போட்டுத் தின்பதற்கு வைத்திருந்தேன் என்றாள், அசனத்தன்றைக்குக் காலையிலும் தின்றேன், நீங்கள் குளிக்கப் போயிருந்தீர்கள், கை கழுவினேனா என்று எனக்கு ஞாபகம் இல்லை, டாக்டரம்மா கேட்டபோது நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றாள். மின்விசிறியை ஏன் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை. மாமி திரும்பினார்கள். அவளைத் தாண்டிப் போய்ப் பாத்திரத்தின் மேல் குனிந்து மோந்தார்கள், விரலை விட்டுத் தொட்டு நாக்கில் வைத்தார்கள், முகம் சுருங்கவில்லை. பிள்ளை அழுதுகொண்டிருந்தாள்.

“பச்சையாவா?”

“ஆமா மாமி.”

“எங்கிட்ட கேட்டிருந்தா நான் வேண்டாம்னா சொல்லிருக்கப் போறேன்” என்றார்கள் மாமி, பிறகு யோசித்து, “சொல்லித்தான் இருப்பேன்” என்றார்கள்.

குழாயைத் திறந்து சோப்பை எடுத்தார்கள். முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவினார்கள், நகம் நகமாக, அவசரமே இல்லாமல், பிள்ளை அழுகிற அழுகையிலும் அவசரப்படாமல். சுத்தமான துண்டில் துடைத்தார்கள். அவளைப் பார்க்காமல் அறைக்குள் போனார்கள். அழுகை ஒரு கேவலில் உடைந்து நின்றது. அந்தப் பாருங்க, அந்தப் பாருங்க, கையப் பாத்தீங்களா, ஒண்ணும் செய்யாது இந்தக் கை, என்று பிள்ளையிடம் சொல்கிற குரல் கேட்டது, சொல்லச் சொல்ல அந்தக் குரலில் ஏதோ தடுக்கியது. ரெனிட்டா அடுப்படியிலேயே நின்றாள். உள்ளே போகலாமா என்று தெரியவில்லை. தட்டில் இறால் அப்படியே இருந்தது, ஒன்று குறைந்திருந்தது, மாமி இன்னும் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. அதை எடுத்து மூடி வைக்க வேண்டும், இல்லை, எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டும், இனி அதைக் கொடுத்தால் வாங்குவார்களா.

“ரெனிட்டா” என்று உள்ளிருந்து கூப்பிட்டார்கள். எப்போதும் புள்ள என்பார்கள், ஏட்டி என்பார்கள், பேரைச் சொல்ல மாட்டார்கள். “சாயந்தரம் அவன் போன் பண்ணுவான்லா.”

“ஆமா மாமி.”

“ஸ்பீக்கர்ல போடு. நான் ஒண்ணும் பேச மாட்டேன். நீ பேசு.”

சரி மாமி என்றாள். அது அவர்களுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. கைக்கு ஏதாவது வேண்டியிருந்தது. பழக்கத்தில் புறங்கையைப் பாத்திரத்தின் மேல் வைத்தாள். தண்ணீர் ஆறியிருந்தது.